பெயர் சொல்லிச் சிரிப்போம்: மறைந்த நகைச்சுவை நடிகர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காமெடி நடிகர் இறந்தால் மட்டும் ஏன் சொந்தக்காரர் போனதுபோல் இருக்கிறது?

கதாநாயகனைப் பார்க்க நாம் தியேட்டருக்குப் போனோம். காமெடி நடிகர் நம் வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பரீட்சைக்கு முந்தின இரவில், வெளியூர் பேருந்தின் முன்னால் தொங்கும் டிவியில் என்று எப்போதும் கூடவே இருந்தார். ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் வந்த பிறகு ஒரே காட்சியை நூறு தடவை பார்த்திருப்போம். நூறு தடவை பார்த்த முகம் என்றால் அது கிட்டத்தட்ட வீட்டு முகம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு முடியாமல் கிடந்த நாளில், வேலை போன நாளில், யாரிடமும் பேசப் பிடிக்காத நாளில் நம்மைச் சிரிக்க வைத்தவர் அவர். என் அப்பா கடைசி மாதங்களில் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டார். காமெடி சேனல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் சிரித்த ஆட்களில் பாதிப் பேர் அவருக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். ஒவ்வொரு செய்தி வரும்போதும் எனக்கு அந்த அறை ஞாபகம் வருகிறது.

கடந்த சில ஆண்டுகளில் யார் யாரை இழந்தோம்?

முழுப் பட்டியல் தர முயலவில்லை. அது மிக நீளம். நினைவில் முதலில் எழுந்து நிற்பவர்களைச் சொல்கிறேன்.

2019 ஜூனில் கிரேசி மோகன், அக்டோபரில் கிருஷ்ணமூர்த்தி. 2020 மார்ச்சில் பரவை முனியம்மா, செப்டம்பரில் வடிவேல் பாலாஜி, நவம்பரில் தவசி. 2021 மிகக் கொடுமையான ஆண்டு. ஏப்ரல் 17 அன்று விவேக், அடுத்த மாதம் பாண்டு, அதே மாதத்தில் நெல்லை சிவா. 2023 பிப்ரவரியில் மயில்சாமி, மார்ச்சில் கோவை குணா, மே மாதம் மனோபாலா, செப்டம்பரில் ஆர்.எஸ்.சிவாஜி, டிசம்பரில் போண்டா மணி. 2024 மார்ச்சில் 'லொள்ளு சபா' சேஷு, நவம்பரில் டெல்லி கணேஷ். 2025 ஜூனில் கொல்லங்குடி கருப்பாயி, ஆகஸ்டில் மதன் பாப், செப்டம்பரில் ரோபோ சங்கர்.

இதைத் தட்டச்சு செய்யும்போது ஒன்று உறைத்தது. 2003-இல் வந்த 'தூள்' படத்தின் சிரிப்புக் காட்சிகளுக்கு உயிர் கொடுத்த விவேக், மயில்சாமி, பரவை முனியம்மா மூவருமே இப்போது இல்லை. அந்தப் படத்தை இனிப் பார்க்கும்போது சிரிப்போடு வேறொன்றும் சேர்ந்தே வரும்.

விவேக் இறந்ததற்குக் கொரோனா தடுப்பூசிதான் காரணமா?

இல்லை. இன்றும் அதிகம் கேட்கப்படும் கேள்வி என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகச் செய்தியாளர்கள் முன்னிலையிலேயே அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்று முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். அடைப்பை நீக்கும் சிகிச்சை செய்து, கருவிகளின் துணையோடு வைத்திருந்தும், 17-ஆம் தேதி விடிவதற்குள் உயிர் பிரிந்தது. வயது 59.

இரண்டு நிகழ்வுகளும் அடுத்தடுத்த நாட்களில் நடந்ததால் சந்தேகம் எழுந்தது இயல்புதான். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசின் குழு இந்த மரணத்தை விசாரித்தது. இதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் முடிவு வந்தது. ரத்தக்குழாய் அடைப்பு ஒரே இரவில் உருவாவதில்லை. அது பல ஆண்டுகளாகச் சேர்வது.

மூடநம்பிக்கைக்கு எதிராகத் தன் காட்சிகளில் ஓயாமல் பேசிய மனிதர் அவர். அவருடைய மரணத்தையே ஒரு வதந்திக்குத் தீனியாக்குவது எனக்கு மிகவும் வலிக்கிறது.

அவரை ஏன் 'சின்னக் கலைவாணர்' என்கிறார்கள்?

கலைவாணர் என்றால் என்.எஸ்.கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர். சிரிப்புக்குள் சீர்திருத்தத்தை வைத்துக் கொடுத்தவர், தன் காட்சிகளைத் தானே அமைத்தவர், சம்பாதித்ததை அள்ளிக் கொடுத்தே தீர்த்தவர். அந்த வழியில் லஞ்சம், சாதி, பெண்சிசுக் கொலை, மூடப்பழக்கம் என்று சமூகத்தின் புண்களைக் காமெடி டிராக்குக்குள் கொண்டுவந்ததால் விவேக்குக்கு இந்தப் பெயர் நின்றது.

கோவில்பட்டியில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். ஹியூமர் கிளப் மேடையில் பேசப் போன இடத்திலிருந்து கே.பாலசந்தரின் கண்ணில் பட்டார். 1987-இல் 'மனதில் உறுதி வேண்டும்' மூலம் திரைக்கு வந்தார். 2009-இல் பத்மஸ்ரீ. காவல்துறை மரியாதையோடு தகனம் நடந்தது. அவர் வாழ்ந்த விருகம்பாக்கம் பகுதியில் ஒரு சாலைக்கு 2022-இல் 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயர் வைத்தார்கள்.

அவர் காட்சிகளில் எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். கருத்து கூடி, சிரிப்பு பின்தங்கிய இடங்கள் உண்டு. ஆனால் வேகம் பிடித்துவிட்டால் அவர் வசனத்தைத் துரத்திப் பிடிக்கவே நமக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. ஆங்கிலமும் நெல்லைத் தமிழும் மெட்ராஸ் பாஷையும் ஒரே மூச்சில் ஓடும்.

மரம் நடும் வேலை?

அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதை ஏற்று 'கிரீன் கலாம்' என்ற பெயரில் தொடங்கினார். இலக்கு ஒரு கோடி. அவர் போகும்போது 33 லட்சம் கன்றுகளைத் தாண்டியிருந்தார். இறந்த செய்தி வந்த நாளில் தமிழ்நாடு முழுக்கப் பலர் மாலை வாங்காமல் கன்று வாங்கினார்கள். ஒரு நடிகருக்கு ரசிகர்கள் செலுத்திய அஞ்சலிகளில் நான் பார்த்த மிக அழகானது அதுதான். இன்றைக்கும் அவர் நினைவு நாளில் ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நேரடியான வழி இல்லை.

மயில்சாமியைப் பற்றி எல்லோரும் "நல்ல மனுஷன்" என்றே சொல்கிறார்கள். இறந்தவர் என்பதற்காகச் சொல்வதா?

இல்லை, இருக்கும்போதே சொன்னார்கள். சத்தியமங்கலத்துக்காரர். எம்.ஜி.ஆர் மேல் பக்தி என்றே சொல்ல வேண்டிய அளவுக்குப் பிரியம். கையில் இருப்பதைக் கொடுப்பார், இல்லாவிட்டால் கடன் வாங்கிக் கொடுப்பார் என்று கூட நடித்தவர்கள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீருக்குள் இறங்கி உதவிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். 2021 சட்டமன்றத் தேர்தலில் விருகம்பாக்கத்தில் சுயேச்சையாக நின்றார்.

சினிமாவில் பெயர் வாங்கும் முன்பே அவர் குரல் வீடுகளுக்குள் வந்துவிட்டது. லட்சுமணனோடு சேர்ந்து செய்த 'சிரிப்போ சிரிப்பு' ஆடியோ கேசட்டைத் தேய்ந்துபோகும் வரை கேட்ட தலைமுறை ஒன்று இருக்கிறது. முகம் தெரியாமல் குரலை வைத்தே சிரித்தோம். பிற்காலத்தில் திரையில் ஒரு நிமிடம் வந்தாலும் அந்த நிமிடம் அவருடையதாகிவிட்டதற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்று நினைக்கிறேன். எந்த எழுத்தை அழுத்த வேண்டும், எங்கே ஒரு நொடி விட வேண்டும் என்பது மிமிக்ரி மேடையில் படித்த பாடம்.

2023 சிவராத்திரி இரவு முழுக்கக் கேளம்பாக்கம் சிவன் கோயிலில் இருந்துவிட்டு, விடியற்காலை வீடு திரும்பியவர் போய்விட்டார். வயது 57. அஞ்சலி செலுத்த வந்த ரஜினிகாந்த் அன்று சொன்ன ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் மயில்சாமி திருவண்ணாமலைக்குப் போவார், அங்கிருந்து போன் செய்வார். கடைசித் தீபத்தன்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். வேலையில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

மனோபாலா உண்மையில் இயக்குநரா?

ஆமாம், முதலில் இயக்குநர், பிறகுதான் நமக்குத் தெரிந்த ஒல்லி மனிதர். பாரதிராஜாவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 1982-இல் 'ஆகாய கங்கை' மூலம் தனியாகப் படம் இயக்கத் தொடங்கினார். 'பிள்ளை நிலா', ரஜினி நடித்த 'ஊர்க்காவலன்', 'சிறைப்பறவை', 'என் புருஷன்தான் எனக்கு மட்டும்தான்' எல்லாம் அவர் இயக்கியவை. பேய்ப்படம், குடும்பப்படம், மாஸ் படம் என்று மூன்றையும் தொட்டிருக்கிறார். 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை'யின் தயாரிப்பாளரும் அவரே, எச்.வினோத்தின் முதல் படம் அது.

காமெடியில் அவர் தன் மெலிந்த உடம்பையே கருவியாக்கிக்கொண்டார். அடி வாங்கும் ஆளாக, ஏமாறும் ஆளாக, உதவியாளராக வந்து போவார். இருபது படங்களுக்கு மேல் "ஆக்‌ஷன்" சொன்ன ஒருவர், தன்னைவிட வயதில் மிகச் சிறிய இயக்குநர் சொல்லும் இடத்தில் நின்று, கேட்ட அளவுக்கு மட்டும் நடித்துவிட்டுப் போவது எளிதல்ல. கசப்பு இல்லாமல் அதைச் செய்தார். 2023 மே 3 அன்று, 69 வயதில் மறைந்தார்.

இப்படி வேறு தொழில் தெரிந்த காமெடி நடிகர்கள் நிறையப் பேரா?

நிறைய. "காமெடியன்" என்று ஒரே வார்த்தையில் சுருக்கிவிட்டதால் நமக்கு மற்றது தெரியாமல் போகிறது.

விழிகளை உருட்டி, முகத்தை ரப்பர் மாதிரி இழுத்துச் சிரிக்க வைத்த பாண்டு, ஓவியம் முறையாகப் படித்தவர். அ.தி.மு.க. கொடியை வடிவமைத்தவர் அவர். பெயர்ப்பலகைத் தொழிலும் நடத்தினார். சென்னையில் பல கட்டடங்களின் வாசலில் பளபளத்த உலோக எழுத்துகள் அவர் பட்டறையில் பிறந்தவை. 2021 மே 6 அன்று கொரோனா அவரைக் கொண்டுபோனது.

மதன் பாப்பின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. அவர் இசைக்கலைஞர். அவருடைய சிரிப்பைக் கவனித்துக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சத்தில் நின்று, சட்டென்று அறுந்து, மறுபடி தொடங்கும். தாளம் தெரியாத ஒருவரால் அப்படிச் சிரிக்க முடியாது. 'அசத்தப் போவது யாரு' நிகழ்ச்சியில் நடுவர் இருக்கையில் உட்கார்ந்து அவர் சிரித்த சிரிப்பே, மேடையில் நடுங்கிக்கொண்டு நின்ற எத்தனையோ புதுப் பையன்களுக்குக் கிடைத்த முதல் சம்பளம்.

கிரேசி மோகன் கிண்டியில் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியர். நாடக மேடையிலிருந்து வந்து கமல்ஹாசனுக்கு 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி', 'பஞ்சதந்திரம்' என்று எழுதிக் குவித்தார். ஒரு வார்த்தையைத் திருகி இன்னொரு அர்த்தத்தில் பொருத்துவது, அதை மறுபடி திருகுவது என்று அவர் வசனத்தில் எல்லாம் பல்சக்கரம் மாதிரி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டு சுழலும். கதாநாயகிகளுக்கு விடாமல் 'ஜானகி' என்று பெயர் வைத்தது, பள்ளியில் தன்னை மேடையேற்றிய ஆசிரியைக்கு அவர் செலுத்திய நன்றி.

டெல்லி கணேஷை காமெடி நடிகர் என்று சொல்லலாமா? அவர் குணச்சித்திர நடிகர் இல்லையா?

இரண்டும்தான். இந்தக் கேள்வியை நான் விரும்புகிறேன், ஏனென்றால் காமெடி என்றால் என்ன என்பதே இதற்குள் இருக்கிறது.

வல்லநாட்டில் 1944-இல் பிறந்தவர். பத்தாண்டுகள் விமானப்படையில் இருந்தார். டெல்லியில் தமிழ் நாடகங்களில் நடித்த பழக்கத்தால் பெயரோடு ஊர் ஒட்டிக்கொண்டது. கே.பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' முதல் படம். 'பசி' படத்தில் அவர் நடிப்பைப் பார்த்தவர்கள் இவர் சிரிக்க வைப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

'மைக்கேல் மதன காமராஜ'னில் சமையல் குழுவை நடத்தும் பாலக்காட்டுப் பெரியவராக வருவார். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்த பிறகு அந்த முகத்தைப் பாருங்கள். அவர் காமெடி செய்யவே இல்லை. ஒரு கௌரவமான சமையல்காரருக்கு மானம் போகும் நேரத்தில் என்ன நடுக்கம் வருமோ அதை மட்டுமே செய்கிறார். நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். சிரிக்காமல் சிரிக்க வைப்பவர்களுக்குப் பட்டப்பெயர் கிடைப்பதில்லை, போஸ்டரில் இடம் கிடைப்பதில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் எந்தக் காட்சியும் நிற்காது.

2024 நவம்பர் 9 இரவு மறைந்தபோது, விமானப்படையினர் வந்து தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள்.

பெண்கள் யாரையும் யாரும் சொல்வதில்லையே?

நியாயமான குறை. 2015 அக்டோபரில் ஆச்சி மனோரமா போனபோது தமிழகமே நின்றது உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் மறைந்தவர்களுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

பரவை முனியம்மா மதுரைப் பக்கத்துக் கிராமியப் பாடகி. 'தூள்' வந்தபோது அவர் ஏற்கெனவே பாட்டி. அந்த வயதில் விவேக்கோடு வாய்க்கு வாய் போட்டி போட்டு, பல இடங்களில் அவரையே அடக்கிவிட்டார். அதேபோல் கொல்லங்குடி கருப்பாயி. நாட்டுப்புறப் பாட்டிலிருந்து 1985-இல் 'ஆண்பாவம்' படத்துக்கு வந்தவர். இன்று அந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளைகளும் முதலில் அந்தப் பாட்டியைத்தான் கேட்கிறார்கள். இருவரும் நடிப்பு படித்தவர்கள் அல்ல. நடவிலும் திருவிழாவிலும் கிண்டலும் பாட்டுமாக வாழ்ந்த நாக்கு அது. கேமரா அதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

ரோபோ சங்கருக்கு 'ரோபோ' என்ற பெயர் எப்படி வந்தது?

மதுரைக்காரர். ஊர்த் திருவிழா மேடைகளில் உடம்பு முழுக்க உலோக நிறச் சாயம் பூசிக்கொண்டு ரோபோ மாதிரி ஆடுவார். அந்தச் சாயத்தோடு பல மணி நேரம் இருந்து, பிறகு தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். பெயருக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது. 'கலக்கப் போவது யாரு' மூலம் வீடுகளுக்கு வந்தார். 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா', 'மாரி' போன்ற படங்களில் நிலைத்தார். 2025 செப்டம்பர் 18 அன்று 46 வயதில் மறைந்தார். இந்தப் பட்டியலில் இருப்பவர்களில் மிக இளையவர்களில் ஒருவர்.

அவருடைய இறுதி ஊர்வலத்தில் மனைவி ஆடியது சரியா?

அன்று அவரைத் திட்டி எழுதியவர்களைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தத் தம்பதியின் வாழ்க்கையே மேடையும் ஆட்டமும். தமிழ் மண்ணில் சாவு வீட்டில் பறை அடித்து ஆடி அனுப்பி வைப்பது எத்தனையோ தலைமுறைகளாக நடக்கிறது. மாரடித்து அழுவதும் ஆட்டம்தான், கூர்ந்து பார்த்தால். துக்கத்துக்கு ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும் என்று வெளியாட்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆடிய கால்களுக்குத் தெரியும் அது எவ்வளவு கனமென்று.

இவ்வளவு படம் நடித்தும் ஏன் பலர் கடைசியில் மருத்துவச் செலவுக்கே கஷ்டப்படுகிறார்கள்?

முன்னணிக் காமெடி நடிகருக்கும் அவரைச் சுற்றி நிற்கும் ஐந்தாறு பேருக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சுற்றி நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் நாள் சம்பளமும் பேட்டாவும்தான். படம் ஆயிரம் முறை டிவியில் ஓடினாலும், அவர்கள் முகம் லட்சம் மீம்களில் வந்தாலும், அதற்காக ஒரு காசு வராது. ஓய்வூதியம் கிடையாது. ஒரு குழுவாக வளர்ந்தவர்கள் என்பதால், முன்னணி நடிகருக்குப் படம் இல்லாத காலம் வந்தால் மொத்தக் குழுவுக்கும் வேலை போய்விடும்.

போண்டா மணி இலங்கையிலிருந்து வந்து, வடிவேலு காட்சிகளில் தனக்கென்று ஓர் இடம் பிடித்தவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, உதவி கேட்டு வெளியான வீடியோக்களில்தான் பலர் அவர் பெயரையே தெரிந்துகொண்டார்கள். சக நடிகர்கள் உதவினார்கள், அரசும் உதவியது. 2023 டிசம்பர் 23 வரை போராடினார்.

நலிந்த கலைஞர்களுக்கான அரசின் மாத உதவித்தொகை இருக்கிறது, நடிகர் சங்கமும் இருக்கிறது. ஆனால் என் கருத்தில் பெரிய மாற்றம் வர வேண்டியது வேறு இடத்தில். ஒரு காட்சி மறுபடி மறுபடி விற்கப்படும்போது, அதில் நடித்தவருக்கு ஒரு சிறு பங்காவது போக வேண்டும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத் தொகை பற்றிப் பேசுகிறோம். கூடவே நின்று அடி வாங்கியவரைப் பற்றியும் பேச வேண்டும்.

இறந்த அன்றே அவருடைய காமெடியைப் பார்த்துச் சிரிப்பது மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. முதல் ஐந்து நிமிடம் தொண்டை அடைக்கும். பிறகு தன்னை அறியாமல் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அடக்காதீர்கள். சேஷு இறந்த செய்தி வந்த அன்று, அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு வந்த 'வடக்குப்பட்டி ராமசாமி'யில் அவர் செய்த அட்டகாசத்தைத்தான் என் நண்பர்கள் குழுவில் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தோம். யாரும் இரங்கல் வாசகம் எழுதவில்லை. அதைவிட நல்ல இரங்கல் கூட்டம் நான் பார்த்ததில்லை.

இறந்த பிறகும் புதுப்படங்களில் வருகிறார்களே?

முன்பே எடுத்து வைத்த காட்சிகள் பின்னால் வெளியாவது பழைய வழக்கம். விவேக் நடித்த படங்கள் 2022, 2023-இலும் வந்தன. 2024-இல் வந்த 'இந்தியன் 2'-இலும் அவரைப் பார்த்தோம். குரலுக்கு ஒரு மிமிக்ரி கலைஞர் உதவினார். தியேட்டரில் அவர் முகம் வந்ததும் எழுந்த கைதட்டலில் அன்பு இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் கணினியால் புதிதாக ஒரு முகத்தை உருவாக்கி, அவர் பேசாததைப் பேச வைப்பது வேறு விஷயம். காமெடியின் உயிர் டைமிங்கில் இருக்கிறது. எந்த நொடியில் கவுண்டர் விழ வேண்டும் என்பது அந்த ஆள் அந்த இடத்தில் நின்று எடுக்கும் முடிவு. குடும்பத்தின் சம்மதம் இருந்தாலும் அந்த முடிவை யார் எடுப்பார்கள்? எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

பழைய காமெடிகள் சில இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கின்றன. அவற்றையும் கொண்டாட வேண்டுமா?

வேண்டாம். நிறத்தை, உடம்பை, திருநங்கைகளை, மனைவியை இழிவுபடுத்தும் வசனங்கள் நிறைய உண்டு. நாம் நேசித்தவர்களும் பேசியிருக்கிறார்கள். அதைச் சொல்வதால் அன்பு குறைந்துவிடாது. வீட்டுப் பெரியவர் பேசிய தவறான வார்த்தையை நினைவில் வைத்துக்கொண்டே அவரை நேசிப்பதில்லையா? பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, "இது தப்பு" என்று சொல்லிவிட்டு மேலே பார்க்கலாம்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் இரங்கல் செய்தி வருகிறதே, எப்படி நம்புவது?

வாட்ஸ்அப்பில் கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் அனுப்பாதீர்கள். குடும்பத்தினரோ நடிகர் சங்கமோ நம்பகமான செய்தி நிறுவனமோ உறுதி செய்யட்டும். வயதான நடிகர்களின் வீட்டுக்கு இந்த வதந்தியால் எத்தனை போன் போகும், அதை எடுப்பவர் மனம் என்ன பாடுபடும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

நினைவுகூர நாங்கள் என்ன செய்யலாம்?

துணுக்காகப் பார்ப்பதோடு விடாமல் ஒரு முழுப் படம் பாருங்கள். நாற்பது நொடி வீடியோவில் பஞ்ச் மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் மூன்று நிமிடம் அவர் கட்டிய கட்டடம் இருக்காது.

பகிரும்போது பெயரை எழுதுங்கள். முன்னணி நடிகர் பெயரை மட்டுமல்ல, எதிரில் நிற்பவர் பெயரையும். இதுதான் நான் கேட்டுக்கொள்ளும் ஒரே விஷயம். "அந்தப் போலீஸ்காரர்", "அந்த மொட்டை", "அந்தக் குடிகாரர்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு மனிதர் இருபது வருடம் உழைத்து ஈட்டிய பெயரை நாம் அழித்துவிடுகிறோம். அவர் இறந்த பிறகுதான் கூகுளில் தேடுகிறோம்.

காட்சி தெரியும், பெயர் தெரியாது. சிலரையாவது சொல்ல முடியுமா?

அதிகம் கேட்கப்பட்ட நான்கு பேரைச் சொல்கிறேன்.

'அபூர்வ சகோதரர்க'ளில் ஜனகராஜின் ஒவ்வொரு முட்டாள்தனமான துப்பறிதலுக்கும் புல்லரித்துப் பாராட்டும் கான்ஸ்டபிள், ஆர்.எஸ்.சிவாஜி. முப்பது வருடம் கழித்து 'கார்கி'யில் சாய் பல்லவியின் தந்தையாக நடித்தவரும் அவரே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் நடிப்பு என்றால் என்னவென்று தெரியும். 2023 செப்டம்பர் 2 அன்று மறைந்தார்.

'தவசி' படத்தில் வடிவேலுவை நிறுத்தி, ஒசாமா பின்லேடன் விலாசத்தை நிதானமாக விசாரிப்பவர் கிருஷ்ணமூர்த்தி. 2019-இல் குமுளியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார். கடைசி நாளிலும் வேலையில்தான் இருந்தார்.

தவசி என்பது அந்தப் படத்தின் பெயர் மட்டுமல்ல, ஒரு நடிகரின் பெயரும்கூட, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெரிய மீசையோடு 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' படத்தில் வந்த பெரியவர் அவர். புற்றுநோயால் மீசையும் உடலும் கரைந்துபோய், 2020 நவம்பரில் மதுரையில் காலமானார்.

'கண்ணும் கண்ணும்' படத்தில், தன் கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு புகார் கொடுக்க, தலையைப் பிடித்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டர் பெயர் நெல்லை சிவா. அந்த நெல்லைத் தமிழ் அவர் இழுத்துப் பேசியது அல்ல, அவர் ஊர்ப் பேச்சு. 2021 மே 11 அன்று சொந்த ஊர்ப் பக்கத்திலேயே காலமானார்.